டீ மட்டும் குடித்த வயிறு: வலி மாத்திரை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வலி மாத்திரைகளை உருவாக்கும் மருந்து நிறுவன ஆய்வாளர்களுக்கும், மருந்தியல் கல்லூரிகளில் மருந்தாக்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் இடையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவள். கடை திறந்து 16 வருடம் ஆகிறது. நீங்கள் வடிவமைக்கும் மாத்திரை அதைச் சாப்பிடப்போகிறவரின் உள்ளங்கைக்குப் போவது என் கடை மேசையில்தான். அங்கே நின்று பார்த்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்கள், ராத்திரி லாரி ஓட்டி வந்தவர்கள்.

"அக்கா, மேலு வலிக்கு ஒண்ணு குடுங்க."

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"டீ குடிச்சாச்சு."

இந்த "டீ குடிச்சாச்சு" என்ற பதிலை நான் ஆயிரக்கணக்கான முறை கேட்டிருக்கிறேன். அவர் கேட்பது பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக் ஷெட்யூல் எச் மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சீட்டு கேட்டால், மூன்று வருடத்துக்கு முன் எழுதியதை பாலிதீன் கவருக்குள் நாலாக மடித்து வைத்திருப்பதை எடுத்து நீட்டுவார். நான் பாராசிட்டமால் எடுத்துக் கொடுத்து, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். "இது கேக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடையைப் பார்த்து நடப்பவர்களும் உண்டு. ஒரு நாள் கூலி போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய கணக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தக் கணக்கில்தான் என் அப்பா என்னைப் படிக்க வைத்தார்.

அப்பாவுக்கு ஆத்தங்குடியில் கல் போடும் வேலை. பூக்கல் என்றும் சொல்வோம், வீட்டுத் தரைக்குப் போடும் கல். கண்ணாடித் தகட்டைத் துடைத்து அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் கலந்த பொடியைத் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்ட வேண்டும். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தும் குனிந்தும் செய்யும் வேலை. காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் எடுப்பதும் அவர்களேதான். நாற்பது வயதில் அப்பாவுக்கு இடுப்பும் முட்டியும் போய்விட்டது. காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று வலி மாத்திரை போட ஆரம்பித்தார்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வரும்போதெல்லாம், "சாப்பிட்டுட்டுப் போடுங்கப்பா" என்று சொல்வேன். அது போதும் என்று நம்பினேன். பூச்சு போட்ட மாத்திரையாகப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன். வயிற்றில் கரையாது, குடலில்தான் கரையும், அதனால் வயிறு புண்ணாகாது என்று அவருக்கு விளக்கமும் சொன்னேன்.

ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த மூன்றாம் நாள் அப்பா முற்றத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நாலைந்து நாளாகவே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, "கவுனி அரிசி சாப்பிட்டதுல அப்படிப் போகுதுன்னு நெனச்சேன்" என்றார். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் கவுனி அரிசி இனிப்பு இலையில் இருக்கும், கறுஞ்சிவப்பாக. அவர் நினைத்ததில் தப்பே இல்லை. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் அவருக்கு வலியே இருந்ததில்லை. இந்தப் புண்கள் பல பேருக்கு அப்படித்தான் வருகின்றன. வலியைக் கொல்லும் மாத்திரைதானே, புண்ணின் வலியையும் மூடி வைத்துவிடுகிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் பாடப்புத்தகத்தை மறுபடி திறந்தேன். பதில் அதிலேயே இருந்தது, நான்தான் கவனமாகப் படித்திருக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்னது 1971-ல்தான். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாகாமல் ஆஸ்பிரினும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகளும் தடுக்கின்றன. ஆனால் அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையின் உள்சுவருக்குக் காவல். அமிலம் சுவரைத் தொடாதபடி சளிப் படலம் சுரக்க வைப்பதும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைச் சுரக்க வைப்பதும், சுவருக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். முட்டி வலிக்காக அதை நிறுத்தினால் வயிற்றிலும் நின்றுபோகிறது.

இதில் இரண்டு வழியாகக் கெடுதல் நடக்கிறது. ஒன்று, மாத்திரை நேரடியாகச் சுவரைத் தொடுவது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை மெல்லிய அமிலங்கள். இரைப்பை அமிலத்தில் மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால் சுவரின் செல்களுக்குள் எளிதாக நுழைந்துவிடும். உள்ளே போனதும் மின்னூட்டம் பெற்று வெளியே வர முடியாமல் அங்கேயே தேங்கிச் செல்லைக் கெடுக்கும். இரண்டாவது, ரத்தத்தின் வழியாக வருவது. மருந்து எங்கே கரைந்தால் என்ன, ரத்தத்தில் கலந்தபின் அது வயிற்றுக்கும் வந்துதான் ஆகும். ஊசியாகப் போட்டாலும் இந்த இரண்டாவது கெடுதல் உண்டு.

பூச்சு முதல் வழியை மட்டும்தான் அடைக்கிறது. 1996-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, சாதாரண ஆஸ்பிரின், பூச்சு போட்ட ஆஸ்பிரின், அமில முறிப்பான் சேர்த்த ஆஸ்பிரின் மூன்றுக்கும் இரைப்பை ரத்தக் கசிவு ஆபத்து ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டியது. நான் படித்தது அதற்குப் பல வருடம் கழித்து. அப்படியும் "பூச்சு இருக்கு, பயமில்லை" என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது, என் கடைக்கு வருகிறவர்கள் மனதிலும் இன்னும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, "பூச்சு மேலதானேம்மா இருக்கும்" என்றார். கல் போடுகிறவருக்குப் பூச்சைப் பற்றித் தெரியாதா?

பூச்சு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பூச்சு எந்த வயிற்றை நினைத்துப் போடப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

பூச்சு மாத்திரைக்கு மருந்தியல் நூல் சொல்லும் சோதனை நமக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் அமிலக் கரைசலில் தாங்க வேண்டும், அப்புறம் குடலைப் போல அமிலம் குறைந்த, பிஎச் 6.8 உள்ள கரைசலில் கரைய வேண்டும். மனிதர்களில் சோதிக்கும்போது, ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க, குறைந்தது 10 மணி நேரம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, 240 மி.லி. தண்ணீரோடு மாத்திரையை விழுங்குகிறார்கள். என் கடை வாசலில் விழுங்குகிறவர் அரை டம்ளர் சூடான பால் டீயோடு விழுங்குகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் எழுபத்தைந்து கிலோ மூட்டை முதுகில் ஏறுகிறது. மதியம் வரை ஒரு வாய் சோறு கிடையாது.

சாப்பிட்டுவிட்டுப் போடுகிறவருக்கு வேறு ஒரு சிக்கல். பூச்சு போட்ட முழு மாத்திரை, வயிற்றில் சோறு இருக்கும்வரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே காத்துக் கிடக்கும். சில நேரம் பல மணி நேரம். ஒரு மணி நேரமாகியும் வலி குறையவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? இன்னொன்று போடுவார். கடைசியில் இரண்டும் சேர்ந்து இறங்கும். சிலர் சீக்கிரம் கேட்கட்டும் என்று மாத்திரையைப் பல்லால் கடித்து உடைத்துப் போடுகிறார்கள். பாதி போதும் என்று பிளேடால் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பூச்சு அதோடு போச்சு.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட இடம். இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி ஆராய்கிறவர்கள் அங்கே உண்டு. ஆய்வகக் குடுவையோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. மண்டபம் கடற்கரையில் சோதனை நிலையம் வைத்து, உலோகத் துண்டுகளை உப்புக்காற்றிலும் கடல்நீரிலும் போட்டுப் பார்க்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பதும் அதேதான். மாத்திரையை அது உண்மையில் விழும் வயிற்றில் சோதியுங்கள். டீ மட்டும் குடித்த வயிற்றில், வேர்த்து நீர் வற்றிய உடம்பில், ராத்திரி சாராயம் குடித்து விடிந்த வயிற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கென்று ஆட்களைக் கெடுதலுக்கு உட்படுத்தச் சொல்லவில்லை. அந்த நிலைமையைப் போலவே கரைசல் தயாரித்து ஆய்வகத்தில் முதலில் பார்க்கலாம். டீயில் என்ன ஆகிறது என்று பார்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு அல்சர் என்றால் உடனே எல்லாரும் மிளகையும் மிளகாயையும்தான் கை காட்டுவார்கள். வெளியூரில் சில மருத்துவர்களே, "காரைக்குடியா, காரத்தைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியதாக வந்து சொல்கிறார்கள். காரம் ஏற்கனவே உள்ள எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அப்புறம் இந்த வலி மாத்திரைகள். அந்தக் கிருமியைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவின் குழம்பில் மிளகாயை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துவந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் போல எத்தனை வீடு இருக்கும் என்று நினைத்தாலே மனம் கனத்துப்போகிறது.

நீங்கள் சும்மா இல்லை என்பதும் தெரியும். நான் படித்தவரையில் எனக்கு நம்பிக்கை தருகிற வேலைகளையும் சொல்கிறேன்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தையும் வலி மருந்தையும் ஒரே மாத்திரையில் வைப்பது ஒன்று. எங்கள் பக்கம் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் "கேஸ் மாத்திரை" என்பார்கள். தனியாகக் கொடுத்தால், "எனக்குக் கேஸ் இல்லையே" என்று அதை மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால் ஒன்றாக வைப்பதில் நியாயம் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நேப்ராக்சன் என்ற வலி மருந்தும் எசோமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரையில் எசோமெப்ரசோல் வெளிப்படலத்தில் இருந்து முதலில் கரைகிறது, நேப்ராக்சன் பூச்சுக்குள் காத்திருந்து அப்புறம் கரைகிறது. யோசித்துச் செய்த வேலை அது. ஏனென்றால் அமிலம் குறைந்துவிட்டால் வயிற்றுக்குள்ளேயே பிஎச் ஏறிவிடும், சரியாகக் கணக்குப் போடாத பூச்சு அங்கேயே கரையத் தொடங்கலாம். நம் ஊரில் விற்கும் கூட்டு மாத்திரைகள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்களா? 2016-ல் 344, 2018-ல் 328, 2024-ல் 156 என்று கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. 2024 பட்டியலில் அசிக்ளோஃபினாக் 50 மி.கி., பாராசிட்டமால் 125 மி.கி. சேர்ந்த மாத்திரையும் இருந்தது. சேர்ப்பது சுலபம். ஏன் சேர்த்தோம் என்பதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, அமிலத்தைக் குறைக்கும் மருந்து காப்பது இரைப்பையையும் முன்சிறுகுடலையும்தான். அதற்குக் கீழே உள்ள சிறுகுடலை வலி மருந்து அரித்தால் இது கைகொடுக்காது. இதையும் திறந்து சொல்லுங்கள்.

முழு மாத்திரைக்குப் பதிலாக, பூச்சு போட்ட சின்னச் சின்ன மணிகளை ஒரு கேப்சூலில் அடைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. கடுகு அளவு மணிகள் சோற்றோடு சோறாக இறங்கிவிடும், மாத்திரை போல வாசலில் காத்திருக்காது. வலி குறைய நேரமாகிறதே என்று இரண்டாவது மாத்திரை போடுவதும் குறையும்.

குறைந்த அளவில் அதே பலன் கிடைக்கச் செய்வது இன்னொரு வழி. டைக்ளோஃபினாக்கை மிக நுண்ணிய துகளாக அரைத்து 18 மி.கி., 35 மி.கி. என்று செய்த கேப்சூலுக்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமாக நாம் பார்ப்பது 50 மி.கி. ரத்தத்தின் வழியாக வரும் கெடுதலையும் குறைக்கக்கூடியது அளவுதான் என்பதால் இதில் நிறைய உழைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்பிரினை சோயா லெசித்தினில் உள்ள கொழுப்புப் பொருளோடு சேர்த்துக் கேப்சூலும் செய்திருக்கிறார்கள். வயிற்றுச் சுவரின் மேலுள்ள நீர் ஒட்டாத படலத்தை ஆஸ்பிரின் கலைக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. ஏழு நாள் சாப்பிட வைத்து எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, சாதாரண ஆஸ்பிரின் சாப்பிட்டு காயம் வந்தவர்களின் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் இதில் சுவரில் காயம் இருந்தது. ஏழு நாள் காயம் வேறு, வருடக்கணக்கில் ரத்தம் கசிவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

அவசரம் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வயிற்றைக் காப்பதற்காகவே புராஸ்டகிளாண்டினை உருவாக்கும் நொதிகளில் காக்ஸ்-2 என்பதை மட்டும் தடுக்கும் மருந்துகள் வந்தன. ரோஃபெகாக்சிப் 1999-ல் வந்தது. வயிற்றுக் கோளாறுகளை அது உண்மையிலேயே பாதியாகக் குறைத்தது. ஆனால் மாரடைப்பு கூடியது தெரிந்து 2004-ல் அதை உருவாக்கிய நிறுவனமே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வயிற்றுக்கு இதமான மருந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்காது என்று உறுதியான பிறகு கொண்டுவாருங்கள்.

அப்புறம் அட்டை. ஆய்வகத்தில் எத்தனை நுட்பமாகச் செய்தாலும், மாத்திரை என் மேசைக்கு வரும்போது கத்தரிக்கோலைச் சந்திக்கிறது. பத்து மாத்திரை அட்டையை முழுதாக வாங்குகிறவர் குறைவு. இரண்டு, நாலு என்று வெட்டித்தான் கொடுக்கிறோம். மருந்தின் பெயர் ஒருவர் துண்டில் போகிறது, காலாவதித் தேதி இன்னொருவர் துண்டில் போகிறது. 2023 ஆகஸ்டு முதல் 300 பிராண்டுகளுக்குக் கியூஆர் கோடு கட்டாயம் ஆனது. நல்லதுதான். ஆனால் வெட்டிய துண்டில் அது எங்கே இருக்கும்?

போன மாதம் ஓர் ஆச்சி வந்தார்கள். பெரிய வீடு, எட்டு அறை, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், ஆச்சியும் வேலைக்கு ஒரு பெண்ணும் மட்டும். பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 மி.கி. இருந்தது. முட்டிக்கு ஒரு மருத்துவர் கொடுத்த டைக்ளோஃபினாக், இடுப்புக்கு இன்னொருவர் கொடுத்த அசிக்ளோஃபினாக், இரண்டும் வெட்டிய துண்டுகள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. "வேற வேற மாத்திரைதானே ஆத்தா" என்று கேட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்வது, மூன்றும் சேர்ந்தால் அந்த வயதில் ரத்தக் கசிவு ஆபத்து பல மடங்கு ஏறுவது, எதுவும் அந்தத் துண்டுகளில் இல்லை. உட்கார வைத்து, அவர்கள் போனிலிருந்தே மருத்துவரிடம் பேசி ஒன்றை நிறுத்தினோம்.

ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னாலும் மருந்தின் பெயரும் அளவும் தமிழிலும் இருக்கட்டும். பூச்சு மாத்திரை என்றால் "உடைக்காதீர்கள், கடிக்காதீர்கள்" என்று இருக்கட்டும். வலி மாத்திரை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அடையாளம், ஒரு நீலப் புள்ளியாவது வேண்டும். அப்போது இரண்டு நீலப் புள்ளியை ஒன்றாகப் போடாதீர்கள் என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் என்னால் சொல்லிக் கொடுக்க முடியும். "மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்ற ஒரு வரி அட்டையில் இருந்திருந்தால் என் அப்பா கவுனி அரிசியைக் காரணமாக நினைத்திருக்க மாட்டார். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

இதை எழுதும்போது தைப்பூசம் நினைவுக்கு வருகிறது. குன்றக்குடியில் காவடி சேர்ந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். நகரத்தார் காவடியோடு எல்லாச் சமூகத்து மக்களும் நடக்கிறார்கள். கிளம்புவதற்கு முதல் வாரம் என் கடையில் பஞ்சு, கட்டுத்துணி, தைலம், வலி மாத்திரை நாலும்தான் விற்பனை. விரதம் இருக்கிறவர்கள் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். நாள் முழுக்க வெயிலில் நடந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, கால் வீங்கினதும் ராத்திரி தங்கலில் இரண்டு மாத்திரை போட்டுப் படுத்தால், வயிற்றோடு சிறுநீரகத்துக்கும் அடி. முடிந்தவரை களிம்பாகக் கொடுக்கிறேன், தோலில் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால். "வேர்வையில நிக்க மாட்டேங்குதுக்கா, வேட்டியெல்லாம் ஒட்டுது" என்கிறார்கள். வேர்த்த காலில் நிற்கும், துணியில் ஒட்டாத களிம்பு ஒன்றைச் செய்து தர உங்களால் முடியாதா? நம் ஊர் வெயிலுக்கு என்று யாராவது செய்து பார்த்தால்தானே வரும்.

உங்களில் யாராவது ஒருவர் ஒரு வாரம் காலை ஆறரைக்கு என் கடைக்கு வாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன். யார் என்ன கேட்கிறார்கள், எதோடு விழுங்குகிறார்கள், எப்படி உடைக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கூச்சம் வேண்டாம், எங்கள் மக்கள் கேட்டால் சொல்வார்கள். காவடி கிளம்புவதற்கு முந்தைய வாரமாக இருந்தால் இன்னும் நல்லது, குன்றக்குடிக்கும் நானே கூட்டிப் போகிறேன். அப்பாவும் வருவார். இப்போது அவர் பட்டறைக்கு வேலைக்குப் போவதில்லை, பையன்களுக்கு அச்சு பிடிக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறார். அவர்களில் யாராவது மேல்சட்டைப் பையிலிருந்து வெட்டிய அட்டையை எடுத்தால், "என்ன சாப்பிட்டே?" என்றுதான் முதலில் கேட்கிறார்.

அன்புடன்,
ஒரு மருந்தாளுநர்
காரைக்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்